பென்சனா, சேமலாப நிதியா: மலையக ஆசிரியர் கணக்கிட வேண்டியவை

அட்டனிலோ பண்டாரவளையிலோ தனியார் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் இளம் ஆசிரியருக்கு அரச நியமனம் கிடைக்கும்போது, வீட்டில் நடக்கும் ஆலோசனை பெரும்பாலும் இரண்டு சம்பளங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. பாடசாலை எவ்வளவு தூரம், காலையில் பஸ் உண்டா, கழிவுகள் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்றெல்லாம் கேட்கப்படுகிறது. அறுபது வயதுக்குப் பிறகு எப்படி வாழ்வது என்ற கேள்விக்கோ, 'அரசாங்க வேலை, பென்சன் உண்டு' என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. அந்தப் பதிலில் பிழையில்லை. ஆனால் எத்தனை வருடச் சேவைக்கு, எந்தச் சம்பளத்தின் மீது, யாருக்கு, எந்த நிபந்தனையோடு என்பவை அதில் இல்லை. தனியார் பாடசாலையிலேயே இருந்துவிட்டால் கிடைக்கும் ஊழியர் சேமலாப நிதியின் உண்மையான பெறுமதியும் அதில் இல்லை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஒன்று உயிர் உள்ளவரை வரும் மாதாந்த வருமானம், மற்றது ஒரு முறை கைக்கு வந்து சேரும் முதல். எது நல்லது என்பதைவிட, எவருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே பயன் தரும்.

முதலில் பென்சனை எடுத்துக்கொள்வோம். தோட்ட நிர்வாகங்களின் கீழ் இருந்த பாடசாலைகள் 1970களில் அரசின் பொறுப்புக்கு வந்த பிறகே, தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியருக்குப் பென்சன் என்பது எட்டக்கூடிய ஒன்றாயிற்று. இலங்கை அரசாங்கத்தின் ஓய்வூதியம், ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி வழங்கப்படுகிறது. இதற்கென்று ஆசிரியரின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பணம் சேர்த்து வைக்கப்படுவதில்லை. அப்படியொரு நிதியமும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அரசு தன் வருமானத்திலிருந்தே செலுத்துகிறது. எனவே ஆசிரியரிடம் இருப்பது சேமிப்பு அன்று, உரித்து. அந்த உரித்து உண்டாவதற்குப் பென்சன் உரித்துள்ள நிரந்தரப் பதவியில் குறைந்தது 10 வருடச் சேவை இருக்க வேண்டும். தொகையைத் தீர்மானிப்பவை இரண்டு: சேவையின் நீளமும், ஓய்வுபெறும் வேளையில் பெறும் அடிப்படைச் சம்பளமும். நீண்ட சேவை செய்தவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பெரும்பகுதி பென்சனாக வரும். வருடங்கள் குறையக் குறைய அந்த விகிதமும் இறங்கும். ஓய்வுபெறும்போது பணிக்கொடையாக மொத்தத் தொகை ஒன்றும் கிடைக்கிறது.

கடைசி அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவதால் விளையும் நன்மை பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. இருபத்தைந்து வயதில் ஆசிரியர் வாங்கிய சம்பளம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது பென்சனைக் குறைப்பதில்லை. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் விலைவாசி எவ்வளவு ஏறியிருந்தாலும், அதற்கேற்ப அரசு சம்பளத்தைத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தம் முழுவதும் பென்சனுக்குள் வந்துவிடுகிறது. இதே காரணத்தால், இலங்கை ஆசிரியர் சேவையில் வகுப்பு 1க்கான பதவி உயர்வு ஓய்வுக்கு முன்பே கிடைத்துவிட்டதா, நிலுவையில் நின்ற சம்பள ஏற்றங்கள் சரிசெய்யப்பட்டனவா என்பவை வாழ்நாள் முழுவதற்குமான கேள்விகளாகின்றன. வலயக் கல்வி அலுவலகத்தில் பதவி உயர்வுக் கடிதம் ஒன்று சில வருடங்கள் தூங்கினால், அதனால் வரும் இழப்பு நிலுவைச் சம்பளத்தோடு நின்றுவிடாது. ஓய்வுக்குப் பின்னும் மாதாமாதம் தொடரும்.

அடிப்படைச் சம்பளம் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். கொடுப்பனவுகள் பென்சன் கணக்கில் சேர்வதில்லை. பல ஆண்டுகளாக அரச ஊழியரின் சம்பள உயர்வு அடிப்படையைத் தொடாமல் கொடுப்பனவாகவே தரப்பட்டதால், கைக்கு வந்த தொகைக்கும் பென்சனுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, சில கொடுப்பனவுகள் அடிப்படையோடு இணைக்கப்பட்டன. இனி ஓய்வுபெறப் போகும் ஆசிரியருக்கு அந்த இணைப்பு, உயர்வைவிடவும் பெரிய செய்தியாகும் என்பது என் கணிப்பு.

இனிச் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும், தொழில் வழங்குநர் தம் கையிலிருந்து 12 சதவீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதத்தைத் தொழில் வழங்குநர் மட்டுமே செலுத்துகிறார். ஆகச் சம்பளத்தின் 23 சதவீதம் மாதாமாதம் ஆசிரியரின் பெயரில் சேர்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனமானால், ஐந்து வருடச் சேவையை முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, சேவையாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. வேலையை விட்டு விலகிய ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம்.

இந்தக் கணக்கின் இயல்பு பென்சனுக்கு நேர் எதிரானது. இதில் கடைசிச் சம்பளத்துக்குத் தனி மதிப்பில்லை. எல்லா வருடங்களின் சம்பளமும் சேர்ந்தே தொகையை ஆக்குகின்றன. ஒரு ஆசிரியர் 15 வருடங்கள் சராசரியாக 40,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். நம்பிக்கை நிதியத்தின் 3 சதவீதத்தை விட்டு, சேமலாப நிதியின் 20 சதவீதத்தை மட்டும் எடுத்தால் மாதம் 8,000 ரூபாய் சேர்கிறது. ஆண்டுக்கு 9 சதவீத வட்டி கிடைத்தால் முடிவில் ஏறக்குறைய 28 இலட்சம் ரூபாய் இருக்கும். அதை வங்கியில் 8 சதவீதத்துக்கு வைப்பிலிட்டால் மாதம் 18,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். மறுபக்கம், 50,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடு நீண்ட சேவை முடித்து ஓய்வுபெறும் அரச ஆசிரியருக்கு, கணக்குக்காக 80 சதவீதம் என்று கொண்டால், மாதம் 40,000 ரூபாய் பென்சன் வரும். அதே 40,000 ரூபாயை வட்டியாகப் பெற வேண்டுமானால் தனியார் ஆசிரியரின் கையில் 60 இலட்சம் ரூபாய் இருக்க வேண்டும். மலைநாட்டுத் தனியார் பாடசாலைகளின் சம்பளத்தில் அத்தொகையைச் சேர்ப்பவர் அரிது. இந்த ஒப்பீட்டில் சேவைக் காலங்கள் சமமாக இல்லை என்பது உண்மை. ஆனால் அரச பாடசாலையில் முப்பது வருடங்கள் நிலைத்திருப்பது வழக்கமாகவும், தனியார் பாடசாலையில் அது அபூர்வமாகவும் இருப்பதால், நடைமுறையில் நம் ஆசிரியர்கள் எதிர்கொள்ளும் ஒப்பீடு இதுவே.

விலைவாசி ஏறும்போது யார் தாங்குவது என்பது இரண்டு முறைகளுக்கும் பொதுவான கவலை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. அந்த ஆண்டுக்குச் சேமலாப நிதி அறிவித்த வட்டி 9 சதவீதம். அடுத்த ஆண்டுக்கு 13 சதவீதம் கொடுக்கப்பட்டாலும், பல வருட உழைப்பின் வாங்கும் சக்தியில் விழுந்த அடி அதனால் ஆறவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது நிதியம் வைத்திருந்த திறைசேரி முறிகள் வேறு வட்டியும் வேறு தவணையும் கொண்ட முறிகளாக மாற்றப்பட்டன. ஆகவே, சேமலாப நிதி நம் சொந்தப் பணம், பென்சன் அரசின் தயவு என்று பிரித்துப் பேசுவது முழுமையான உண்மையாகாது. நிதியத்தின் பெரும்பகுதி அரசின் கடன் பத்திரங்களிலேயே இருக்கிறது. பென்சனும் விலைவாசியோடு தானாக ஏறுவதில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வெவ்வேறு பென்சன் பெறும் முரண்பாடு நெடுநாள் போராட்டமாக இருந்துவருகிறது. இருந்தாலும் பென்சனைத் திருத்துமாறு அரசிடம் கோர ஓய்வூதியர் என்ற பெரிய கூட்டம் இருக்கிறது, திருத்தங்களும் அவ்வப்போது வந்திருக்கின்றன. கைக்கு வந்து வங்கியில் போடப்பட்ட சேமலாபப் பணம் விலையேற்றத்தில் தேய்ந்தால், அதைப் பற்றி முறையிட எவரும் இல்லை.

நீண்ட ஆயுளும் அப்படித்தான். அறுபதில் ஓய்வுபெற்று எண்பத்தைந்து வரை வாழ்பவருக்கு இருபத்தைந்து வருடங்கள் பென்சன் வரும். மொத்தத் தொகையை வைத்திருப்பவர் அத்தனை வருடங்களுக்கும் தாமே பங்கிட வேண்டும். அந்த முதலின் மீது மகளின் திருமணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், லயத்தை விட்டு வெளியேறி வீடு கட்டும் ஆசை ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் கண் வைக்கும். இவற்றில் எதையும் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. தோட்டத்தில் பிறந்த ஒரு குடும்பத்துக்குச் சொந்த நிலமும் வீடும் எவ்வளவு பெரிய விடயம் என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் பென்சன் பெறுபவரிடம் அடுத்த மாதத்துக்கு ஒன்று எப்போதும் மிஞ்சியிருக்கும். முழு முதலையும் வீட்டுக்குள் போட்டவரிடம் அது இராது.

பென்சன் எங்கே தோற்கிறது என்பதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். பென்சன் என்பது ஓய்வுபெறுபவருக்கு உரியது, விலகுபவருக்கு உரியது அன்று. எட்டு வருடம் கற்பித்துவிட்டு இராஜினாமாக் கடிதம் கொடுப்பவரும், அனுமதியின்றி வெளிநாடு சென்று பதவியை வெறிதாக்குபவரும் அந்த உரித்தை இழக்கிறார்கள். பத்து வருடங்களைக் கடந்தவரானாலும் இராஜினாமா செய்தால் நிலை அதுதான். மத்திய கிழக்குக்கோ கனடாவுக்கோ போகும் எண்ணத்தோடு அரச சேவையில் நுழையும் இளம் ஆசிரியர் இதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். சேமலாப நிதிக்கு இந்தக் குறை இல்லை. ஆறு மாதம் வேலை செய்தாலும் அந்த ஆறு மாதப் பணம் அவருடையது. பாடசாலை மாறினாலும் தொழிலையே மாற்றினாலும் அது அழிவதில்லை. ஐந்தாறு வருடங்களுக்கு மேல் கற்பித்தல் தொழிலில் நிற்கும் நிச்சயம் இல்லாதவருக்கு, ஒழுங்காகப் பணம் கட்டும் தனியார் பாடசாலையே பாதுகாப்பானது என்பேன்.

ஒழுங்காகக் கட்டும் என்ற நிபந்தனை சிறியதன்று. சம்பளத்தை இரண்டாகப் பிரித்து, சிறிய பகுதியை அடிப்படை என்றும் மீதியைக் கொடுப்பனவு என்றும் காட்டி, சிறிய பகுதிக்கு மட்டும் நிதி கட்டும் வழக்கம் தனியார் கல்வி நிறுவனங்கள் சிலவற்றில் உண்டு. வருகைதரு ஆசிரியர் என்று பெயரிட்டு ஒன்றுமே கட்டாத இடங்களும் உண்டு. சட்டத்தில் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் அதையொத்த கொடுப்பனவுகளும் சம்பாத்தியத்துக்குள் அடங்கும். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் நிதி கட்ட வேண்டும், ஒரு மாதத்துக்கான பணம் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட வேண்டும், தவறினால் மேலதிகக் கட்டணமும் உண்டு. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வருடத்தில் ஒருமுறையாவது மீதியைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. முறைப்பாட்டைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் பேசாமல் இருக்கிறார்கள், அந்த அச்சத்தின் விலையை அவர்களுடைய முதுமையே கொடுக்கிறது. இந்த அநியாயத்தைச் சாதாரண விடயமாக நாம் ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

குடும்பத்தாருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியில் அரச சேவை தெளிவாக முந்துகிறது. பென்சன் உரித்துள்ள ஆசிரியர், விதவைகள், தபுதாரர் மற்றும் அநாதைகள் ஓய்வூதியத் திட்டத்துக்குச் சம்பளத்திலிருந்து ஒரு பங்கைச் செலுத்துகிறார். ஆண் ஊழியரின் குடும்பத்துக்கு 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. பெண் ஊழியரின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஆசிரியர் இறந்தால் துணைவருக்கும், அவருக்குப் பின் குறித்த வயதுவரை பிள்ளைகளுக்கும், இயலாமையுள்ள பிள்ளைகளுக்கு அந்த வயது கடந்தும் மாதாந்தக் கொடுப்பனவு வரும். சேமலாப நிதியில் பின்னுரித்தாளராக எழுதப்பட்டவருக்கு மீதி முழுவதும் கிடைக்கும், அத்துடன் கணக்கு முடிந்துவிடும். திருமணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதியவர் பிறகு மாற்றவே இல்லை என்பது அடிக்கடி காணப்படும் நிலை. பென்சன் பக்கத்திலும் மலையகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கோயிலில் தாலி கட்டி ஊரறிய வாழ்ந்தும் பதிவு செய்யாத திருமணங்கள் நம்மிடையே குறைவில்லை. துணைவருக்கான பென்சன் கேட்கப்படும் நாளில் அரசு கேட்பது திருமணப் பதிவுச் சான்றிதழையே.

இடைவயதில் மாறுபவரின் கணக்குத்தான் எல்லாவற்றிலும் கடினமானது. முப்பத்தெட்டு வயதில் அரச நியமனம் கிடைக்கும் ஒருவர், தற்போதைய 60 வயது எல்லைப்படி 22 வருடங்கள் சேவையாற்றலாம். முழுப் பென்சன் அளவுக்கு அது போதாது. ஆனால் பத்து வருட எல்லையைத் தாராளமாகத் தாண்டுகிறது. என் பார்வையில் இவர் மாறுவதே நல்லது, ஏனெனில் துணைவருக்கான ஓய்வூதியமும், முதுமையில் அடங்காத நோய்ச்செலவுக்கு ஓரளவு கைகொடுக்கும், அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியும் அவருக்குப் புதிதாகச் சேர்கின்றன. அதுவரை தனியார் பாடசாலையில் சேர்ந்த சேமலாபப் பணத்தை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. பென்சன் உரித்துள்ள அரச பதவியில் சேர்வது, 55 வயதுக்கு முன்பே பணத்தை எடுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் ஒன்று. பெரும்பாலோர் நியமனக் கடிதம் கிடைத்த கையோடு விண்ணப்பித்து எடுத்துவிடுகிறார்கள்.

எடுக்கலாம் என்பதற்காக எடுத்தே ஆக வேண்டியதில்லை. 12 வருடங்கள் சராசரி 30,000 ரூபாய் சம்பளத்துக்குக் கட்டப்பட்ட நிதி, 9 சதவீத வட்டியில் சுமார் 14½ இலட்சமாக இருக்கும். அதே வட்டி தொடருமானால், தொடாமல் விடப்பட்ட அந்தப் பணம் 55 வயதில் 62 இலட்சத்தைத் தாண்டும். அன்றைய 62 இலட்சத்துக்கு இன்றைய பெறுமதி இராது என்பது வெளிப்படை. எனினும் குறைந்த வருடங்களால் சுருங்கும் பென்சனின் குறையை நிரப்ப அதைவிட இலகுவான வழி அந்த ஆசிரியருக்கு இல்லை. அதிக வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் எடுத்து அடைப்பது நியாயம். காணி வாங்குவதும் நியாயம். சடங்குச் செலவுக்காக எடுப்பதை மட்டும் நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன்.

பெண் ஆசிரியர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. திருமணத்தைக் காரணமாகக் காட்டி வேலையை விட்டு விலகும் பெண், தம் சேமலாப நிதியை வயதுக்கு முன்பே பெறச் சட்டம் இடமளிக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தி எடுத்த பணம் நகையாகவோ விருந்தாகவோ போய்விட, சில வருடங்களில் வேறொரு பாடசாலையில் பூச்சியத்திலிருந்து தொடங்குபவர்கள் பலர். பெண்களின் ஆயுள் ஆண்களைவிட நீளமானது, அவர்களுடைய சம்பளம் இடையிடையே அறுபடுவதும் அதிகம். சேமிப்பு மிகவும் தேவைப்படுபவரிடமிருந்தே அது முதலில் போகிறது. அரச சேவையில் இருப்பவர்களும், சம்பளமற்ற லீவு பொதுவாகப் பென்சனுக்கான சேவையில் கழிக்கப்படும் என்பதை நினைவில் வைத்தே லீவைத் திட்டமிட வேண்டும்.

தோட்டத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில், நம்மவர் பிள்ளை மடுவம் என்று சொல்லும் இடங்களில், வேலை செய்யும் பொறுப்பாளர்கள் பெருந்தோட்டக் கம்பனியின் ஊழியர்கள் என்பதால் அவர்களுக்குச் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் பணிக்கொடையும் உரியவை. பெற்றோர் தரும் பணத்தில் நடக்கும் முன்பள்ளிகளின் ஆசிரியைகளுக்கும், டியூஷன் வகுப்பை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கும் பெரும்பாலும் எதுவும் இல்லை. இவர்கள் 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில், பிரதேச செயலகம் ஊடாக, தாமாகச் சேரலாம். தவணை சிறியதானால் அறுபதில் வரும் பென்சனும் சிறியதாகவே இருக்கும், ஆகவே இளவயதில் சேர்வதே அதன் முழுப் பயன்.

அரச நியமனத்தைத் தெரிவு செய்பவர்கள் கையொப்பமிடுமுன் நியமனக் கடிதத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். 2016க்குப் பின் வழங்கப்பட்ட கடிதங்களில், அரசு புதிதாக வகுக்கும் பங்களிப்பு ஓய்வூதிய முறைக்கு உட்பட வேண்டும் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. பின்னர் பழைய பென்சன் உரித்தை மீண்டும் வழங்கும் முடிவு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் சேர்ந்தவர்கள், தம் கோவையில் திருத்தக் கடிதம் இருக்கிறதா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். கொடுப்பனவு மட்டும் பெற்று ஆசிரிய உதவியாளராகச் சேவையைத் தொடங்கி, பின்னர் ஆசிரியர் சேவைக்கு உள்ளீர்க்கப்பட்டவர்களும், பென்சன் உரித்துள்ள சேவை எந்தத் திகதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அதில் ஒரு வருடம் குறைவாக எழுதப்பட்டிருந்தால், அதைத் திருத்துவதற்கான சம்பளப் பதிவுகளும் கடிதங்களும் சேவையில் இருக்கும்போதே எளிதில் கிடைக்கும். பெயர்களும் அவ்வாறே. பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் அடையாள அட்டையில் வேறொன்றும் சேமலாப நிதியில் மூன்றாவதொன்றுமாக எழுத்துகள் வேறுபடுவது தோட்டப் பதிவுகளில் அடிக்கடி நேர்ந்திருக்கிறது. முதல் நியமனம் கிடைக்கும் வயதில் அதைச் சரிசெய்ய விண்ணப்பமும் சத்தியக் கடதாசியும் போதுமானவையாக இருக்கலாம். ஆசிரியர் இறந்தபின், அதே திருத்தத்துக்காக அவருடைய மனைவி மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.